வடதிசை மீளும் பறவைகள்

மாசி பிறந்து பனி விலகத் தொடங்கும் நாள்களில், காவிரியின் கடல்முகத்தில் ஒரு பெரும் பயணம் தொடங்குகின்றது. கோரையாறும் பாமணியாறும் கடலை அடையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும், அதற்குக் கிழக்கேயுள்ள கோடியக்கரைச் சதுப்பிலும் ஐப்பசி முதல் தங்கிய பறவைகள் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றுள் கொசு உள்ளான், சிட்டுக்குருவியினும் பெரிதன்று. எனினும் அது குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில்!

இவ்வலசை நெடுங்காலம் உலகோர்க்குப் புதிராகவே இருந்தது. தகைவிலான் குருவிகள் சில, குளிர்காலத்தில் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும் என்று கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். 1822ஆம் ஆண்டில் ஜெர்மனியில், கழுத்தில் ஆப்பிரிக்க அம்பு தைத்த நாரை ஒன்று கிடைத்தது. அதன் பின்னரே நாரைகளின் நெடும்பயணத்துக்கு ஐரோப்பியர் கண்கண்ட சான்று பெற்றனர். 1899இல் டென்மார்க்கு ஆசிரியர் மார்ட்டென்சன், பறவைக் காலில் எண் பொறித்த வளையம் பூட்டி ஆராயும் முறையைத் தொடங்கினார்.

தமிழ்ப் புலவரோ, வளையமும் அம்பும் இன்றியே இதனைக் கண்டிருந்தார். குடந்தைக்கு அருகிலுள்ள சத்திமுற்றத்தினின்று பிழைப்புத் தேடி மதுரைக்குச் சென்ற புலவர், வாடையில் நடுங்கியவாறு, தென்கோடியினின்று வடக்கே திரும்பும் நாரை இணையைக் கண்டார். தம் ஊரில் இறங்கி, வறுமையில் காத்திருக்கும் மனைவிக்குத் தம் நிலையை உரைக்குமாறு வேண்டினார். அவர் பாடியது வேனிலை ஒட்டிய மீள்பயணத்தையே என்பது நம் கருத்து. வீடு திரும்பும் பறவையிடமன்றோ, திரும்ப இயலாதவன் தூது சொல்வான்!

பறவையைப் பாடியதோடு தமிழர் அமைந்தாரல்லர், காக்கவும் செய்தனர். வேடந்தாங்கல் ஏரிப் பறவைகள் சுடப்படுவதை அவ்வூர் உழவர் எதிர்த்தனர். 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்தம் உரிமையை ஏற்றார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாதலை உழவர் அறிந்திருந்தனர். நம் மைசூருக்கு அண்மையில், காவிரி நடுவே அமைந்த ரங்கனதிட்டு, பறவை அறிஞர் சலீம் அலியின் முயற்சியால் 1940இல் சரணாலயமாயிற்று. கோடியக்கரை 1967இல் அச்சிறப்பைப் பெற்றது; 2002இல் உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஒரு வியப்பையும் ஈண்டுக் குறிக்க வேண்டும். கடல்முகத்தில் உள்ளான்கள் விடைபெறும் அதே மாசி பங்குனியில், ரங்கனதிட்டில் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கின்றன. ஆறு ஒன்று, பருவம் ஒன்று, ஓரிடத்தில் பிரிவு, ஓரிடத்தில் குடும்பம்.

அக்காவிரியின் வழியே எதிர்த்திசையில் குடிபெயர்ந்தோர் நம்முள் பலர். பறவைக்கு இரண்டு ஊர். இரண்டில் ஒன்று அழியினும் அதற்கு வாழ்வில்லை. கழிமுகத்திற்கு ஆற்றின் நன்னீர் குறையின், மீனும் புழுவும் அருகும். சைபீரியா பசுமையாய் இருந்தும் பயனில்லை. நம் மக்களும் மைசூரில் பிறந்தவர்கள். கன்னடம் அவர்கள் நாவில் இயல்பாகத் தவழ்கின்றது, அது நன்றே. ஆயினும் மற்றோர் ஊரை அவர்களுக்குக் காட்ட வேண்டியவர் நாமே. வரும் மாசியில் அவர்களை ரங்கனதிட்டுக்கு அழைத்துச் செல்வோம். ஒருமுறையேனும் கோடியக்கரைக்கும் அழைத்துச் செல்வோம். வடக்கே எழும் பறவைக் கூட்டத்தைக் காட்டி, சத்திமுற்றப் புலவரின் கதையைத் தமிழில் சொல்வோம். கேட்ட பிள்ளை ஊரை மறவாது.