24 நாள் மந்திரிசபை: சில குறிப்புகள்

ஊத்துக்குளியில் எங்க வீட்டுச் சுவரில் 1989 தேர்தலப்போ பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு சின்னம் இருந்துச்சு. வாசல் பக்கம் அப்பா எழுத விட்ட சேவல், சந்துப் பக்கம் பெரியப்பா எழுத விட்ட இரட்டைப்புறா. அதுவரைக்கும் ரெண்டு பேரும் இரட்டை இலைக்காரங்க. அந்தத் தேர்தல் முடியற வரைக்கும் அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை.

"பொம்பளைக்கு என்னத்த அரசியல் தெரியும், அதான் கவுந்துருச்சு" என்பது ஜானகி அம்மா ஆட்சி பற்றி எங்க ஊர் டீக்கடைத் தீர்ப்பு. நானும் ரொம்ப நாள் அதை நம்பியிருந்தேன். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் கணக்கு வேறு மாதிரி தெரிந்தது.

எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வர். கட்சி ரெண்டானது: ஆர்.எம்.வீரப்பன் ஜானகி பக்கம், நெடுஞ்செழியன் ஜெயலலிதா பக்கம். 1988 ஜனவரி 7-ல் ஆளுநர் குரானா ஜானகிக்குப் பதவிப்பிரமாணம் செய்து வைத்தார். தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர். அப்போது அவர் எம்.எல்.ஏ.கூட இல்லை. பெரும்பான்மையை நிரூபிக்கக் கெடு ஜனவரி 28.

இப்போ கணக்கு. 1984-ல் அ.தி.மு.க. ஜெயித்தது 132 இடம். அதில் முப்பது சொச்சம் பேர் ஜெயலலிதா பக்கம் போனால் மிச்சம் நூறை ஒட்டித்தான் நிற்கும். 234 பேர் கொண்ட சபையில் அது பத்தாது. அறுபது பேர் வரைக்கும் வைத்திருந்த காங்கிரஸ் கை கொடுத்தால்தான் ஆட்சி. ராஜீவ் காந்தி கொடுக்கவில்லை. அந்தப் பக்கமும் சிக்கல்தான். 1985 கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால்தான் பதவி தப்பும். 132-க்கு அது 44. அவர்களிடம் அவ்வளவு பேர் இல்லை. யாருடைய பதவி போகும், யாருடையது நிற்கும் என்று சொல்லும் அதிகாரம் சபாநாயகர் பி.எச்.பாண்டியன் கையில். அவர் ஜானகி அணிக்காரர்.

ஆக, மூன்று வாரக் கெடு இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கத்தான் பயன்பட்டது. 28-ஆம் தேதி சபைக்குள்ளேயே அடிதடி, போலீஸ் உள்ளே வந்து தடியடி. அதற்கு நடுவில் அரசு வென்றதாக அறிவிப்பு. 30-ஆம் தேதி 356-ஆவது பிரிவில் ஆட்சி கலைப்பு. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து 24 நாள்.

போலந்தில் 1992 ஜூனில் வால்டெமர் பாவ்லாக் பிரதமராக நியமிக்கப்பட்டார். கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு அங்கே பாராளுமன்றம் சின்னச் சின்னக் கட்சிகளாகச் சிதறிக் கிடந்தது. சுமார் ஒரு மாதம் முயன்றும் அவரால் ஒரு மந்திரிசபையைக்கூடச் சேர்க்க முடியவில்லை, விலகினார். அங்கே யாரும் "ஆம்பளைக்கு அரசியல் தெரியாது" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 1993-ல் அவரே மறுபடியும் பிரதமர்.

ஜானகிக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. 1989-ல் ஆண்டிபட்டியில் தோற்றார். சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான், தி.மு.க.வுக்கு 150. அதன் பிறகு அவர் ஒதுங்கிக்கொண்டார், கட்சி ஒன்றானது, இலை திரும்ப வந்தது. ராயப்பேட்டையில் அவர் கொடுத்த இடத்தில்தான் இன்றைக்கும் கட்சித் தலைமையகம் இருக்கிறது.

அவர் தவறே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. எண்ணிக்கை இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தது தவறுதான். ஆனால் கெடு கொடுத்த ஆளுநர், கட்சி பார்த்த சபாநாயகர், கணக்குப் போட்ட டெல்லி எல்லாரையும் விட்டுவிட்டுப் பழியை ஒரு பெண் தலையில் மட்டும் கட்டியிருக்கிறோம். 2017-ல் கூவத்தூர் விடுதியை டிவியில் பார்த்தபோது அதே ஜனவரிதான் ஞாபகம் வந்தது.

இலை ஒன்றான பிறகு அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தே சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அடுத்த மழைக்குச் சந்துப் பக்கம் புறாவின் ரெக்கை லேசாக மேலே தெரிந்தது. பெரியப்பா மறுபடி அடிக்க விடவில்லை. "இருந்துட்டுப் போகட்டும் கண்ணு" என்றார்.