முதலிடத்துக்கான மேலதிகம்: இலங்கைத் தேர்தல் முறையின் மாற்றங்கள், 1931–2024

இலங்கையின் தேர்தல் முறை ஒரு நூற்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் பலமுறை திருத்தி எழுதப்பட்டுள்ளது. அத்திருத்தங்களை வரிசையாக நோக்கும்போது, அவற்றுள் பெரும்பாலானவை பிரதிநிதித்துவம் பற்றிய கோட்பாட்டிலிருந்து பிறந்தவையல்ல என்பதும், அவற்றுக்கு முன் நடந்த தேர்தலின் முடிவைக் கண்டு அஞ்சியோ, அதனால் கிடைத்த பயனை நிலைநிறுத்த விரும்பியோ ஆக்கப்பட்டவை என்பதும் புலனாகும். ஆயினும் முறை எத்தனை தடவை மாறினாலும், ஆசனங்களில் முதலிடம் பெறும் கட்சிக்கு அதன் வாக்குப் பலத்தை மிஞ்சிய ஆசனங்களை வழங்கும் இயல்பு மட்டும் பெரும்பாலும் மாறவில்லை.

டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டபோது, அதுவரை நிலவிய இனவாரிப் பிரதிநிதித்துவம் கைவிடப்பட்டு, நிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்ட தொகுதிகள் அதன் இடத்தைப் பிடித்தன. எழுத்தறியாத பெருந்தொகை மக்கள் முதன்முறையாக வாக்களிக்க வந்த அக்காலத்தில், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டு, அந்நிறத்திலான தனித்தனிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. தாம் விரும்பியவரின் நிறப்பெட்டியில் சீட்டைப் போடுவதே வாக்களிப்பாயிற்று. சின்னங்கள் அச்சிட்ட சீட்டில் புள்ளடி இட்டுப் பொதுப்பெட்டியில் போடும் வழக்கம் 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலோடு வந்தது.

அத்தேர்தலுக்கு அடிப்படையான சோல்பரி அரசியலமைப்பு, தொகுதி எல்லைகளை வகுப்பதில் ஒரு புதிய கணக்கைக் கையாண்டது. 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் என்பதோடு, மாகாணத்தின் ஒவ்வோர் 1,000 சதுர மைலுக்கும் மேலும் ஓர் ஆசனம் சேர்க்கப்பட்டது. தெரிவு செய்யப்பட வேண்டிய 95 ஆசனங்களில் 25 இவ்வாறு பரப்பளவினால் கிடைத்தவை. மக்கள் செறிவு குறைந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களின் சிறுபான்மையினருக்கு இது காப்பாக அமையும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமை, தேர்தல் சட்டங்களால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் வாக்குரிமை இழந்த பின்னரும், ஆசனங்களைக் கணக்கிடுவதற்கான மக்கள்தொகையில் அவர்களும் சேர்த்தே எண்ணப்பட்டமையால், கண்டிப் பிரதேசத்தின் சிங்கள வாக்காளர்கள் தம் தொகைக்கு மிஞ்சிய ஆசனங்களைப் பெற்றனர். வாக்கு இல்லாதவர் எண்ணப்பட்டார்; அவர் பெயரால் வந்த ஆசனத்தை மற்றவர் நிரப்பினார்.

சிதறி வாழும் சிறுபான்மையினருக்கென அம்முறையில் அமைந்த மற்றொரு வழி பல அங்கத்தவர் தொகுதியாகும். இரண்டு அல்லது மூன்று உறுப்பினரைத் தெரிவு செய்யும் அத்தொகுதியில், வாக்காளர் தமக்குரிய அத்தனை வாக்குகளையும் ஒருவருக்கே குவித்து அளிக்கலாம். 1952 முதல் தேர்தல் வழியாக ஒருவரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்ப இயலாதிருந்த மலையகத் தமிழர், 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமானை மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தெரிவு செய்தமை இவ்வமைப்பின் பயனை நன்கு காட்டுகிறது.

எஞ்சிய தொகுதிகள் யாவும் அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் எளிய பெரும்பான்மை முறையில் இயங்கியவை. அதன் கோணல் 1970இலும் 1977இலும் உச்சத்தை எட்டியது. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீத வாக்குகளுடன் 17 ஆசனங்களை மட்டுமே பெற, 36.9 சதவீதம் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 91 ஆசனங்களைக் கைப்பற்றியது. பின்னது கூட்டணிக் கட்சிகளுக்கு இடம்விட்டுக் குறைந்த தொகுதிகளிலேயே போட்டியிட்டது என்பதைக் கருத்திற்கொண்டாலும் வேறுபாடு மலைக்கத்தக்கது. ஏழாண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. ஐக்கிய தேசியக் கட்சி 50.9 சதவீத வாக்குகளால் 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. ஏறத்தாழ 30 சதவீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களும், 6.4 சதவீதமே பெற்றாலும் வாக்குகள் வடக்கு, கிழக்கில் செறிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்களும் கிடைத்தன. இதன் விளைவாக அக்கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இம்முறையினால் 1970இல் நலிந்து 1977இல் கொழித்த கட்சியே 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியாக அதனை ஒழித்தது. கட்சிகள் பெறும் வாக்குகளின் அளவுக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம், 22 தேர்தல் மாவட்டங்களை அலகாகக் கொண்டு அறிமுகப்படுத்தப்பட்டது. 1977இல் பெற்றதைப் போன்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை இனி எவருக்கும் எளிதிற் கிட்டாது என்பது அதன் உடனடி விளைவாகக் கருதப்பட்டது. 1982இல் சர்வசன வாக்கெடுப்பு மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டமையால், புதிய முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989 வரை நடைபெறவில்லை. அதற்குள் 1988இன் திருத்தங்கள், 29 உறுப்பினர் கொண்ட தேசியப்பட்டியலைச் சேர்த்து உறுப்பினர் தொகையை 225ஆக உயர்த்தின. வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி இட்டபின் அதன் பட்டியலில் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்க வழிசெய்தன. மாவட்டத்தில் ஆசனம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தன. விருப்பு வாக்கு ஒரே கட்சியின் வேட்பாளர்களைத் தமக்குள் மோதவிட்டதோடு, மாவட்டம் முழுவதும் பிரசாரம் செய்யும் செலவையும் அவர்கள் மீது சுமத்தியது.

‘விகிதாசாரம்’ எனப்படும் இம்முறை உண்மையில் எவ்வளவு விகிதாசாரமானது என்பதை 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்ட முடிவு தெளிவாக்கும். அங்கு ஆசனங்கள் ஆறு. தேசிய மக்கள் சக்தி 80,830, இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986, ஒரு சுயேச்சைக் குழு 27,855 வாக்குகளைப் பெற்றன. விதிப்படி முதலிடம் பெற்ற கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று முதலில் வழங்கப்படுகிறது. பின்னர் 5 சதவீதத்துக்குக் குறைந்த கட்சிகளின் வாக்குகள் நீக்கப்பட்டு, எஞ்சிய வாக்குகள் எஞ்சிய ஐந்து ஆசனங்களால் வகுக்கப்படுகின்றன. ஓர் ஆசனத்தின் பெறுமதி ஏறத்தாழ 48,000 வாக்குகள் என வருகிறது. முதலிரு கட்சிகளும் முழு ஈவினால் தலா ஓர் ஆசனம் பெறுகின்றன. மீந்த மூன்று ஆசனங்களும் பெரிய மீதியுடையோருக்குச் செல்கையில், 32,000க்கு மேற்பட்ட மீதியைக் கொண்ட தேசிய மக்கள் சக்திக்கு ஒன்றும், ஈவை எட்டாத தமிழ்க் காங்கிரஸுக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் ஒவ்வொன்றும் கிடைக்கின்றன. 63,327 வாக்குகளுக்கும் 27,855 வாக்குகளுக்கும் கிடைத்தது ஒரே ஓர் ஆசனமே. ஏறத்தாழ 25 சதவீத வாக்குகளுக்கோ மாவட்டத்தின் பாதி ஆசனங்கள் கிடைத்தன. அளிக்கப்பட்ட வாக்குகள் பல பட்டியல்களுக்கிடையே சிதறும்போது போனஸ் ஆசனமும் வெட்டுப்புள்ளியும் சேர்ந்து விகிதத்தை எவ்வாறு வளைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், அத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் 61.56 சதவீத வாக்குகள் 159 ஆசனங்களாயின. மூன்றில் இரண்டைத் தடுக்கும் எனக் கருதப்பட்ட முறையே அதனைத் தாராளமாக வழங்கியது.

ஜனாதிபதித் தேர்தலுக்கு 1978இன் ஆக்கத்தினர் வகுத்த முறை வேறு. வாக்காளர் 1, 2, 3 எனத் தம் விருப்பத் தெரிவுகளை வரிசைப்படுத்தலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிடில், முதலிருவர் தவிர்ந்தோர் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டோரின் வாக்குச்சீட்டுகளில் உள்ள அடுத்த தெரிவுகள் அவ்விருவருக்கும் சேர்க்கப்படும். 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதம் பெற்று நூலிழையில் வென்றதால் அப்போதும் இவ்விதி பயன்படவில்லை. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதமும் சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் பெற்றபோதே இரண்டாம் எண்ணிக்கை முதன்முறையாக நடந்தது. அதில் இருவருக்கும் சேர்ந்த புதிய வாக்குகள் மூன்று இலட்சத்தை எட்டவில்லை. பெரும்பாலான வாக்காளர் ஒரே ஒரு தெரிவோடு நிறுத்திக்கொண்டதால், நாற்பதாண்டுகளுக்கு மேல் சட்டத்தில் இருந்த விருப்பத்தெரிவு முறை வாக்காளரின் பழக்கத்தில் இன்னும் வேரூன்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தொகுதியையும் விகிதாசாரத்தையும் இணைக்கும் முயற்சி உள்ளூராட்சி மன்றங்களில் தொடங்கியது. உறுப்பினரில் 60 சதவீதத்தினரை வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதத்தினரைப் பட்டியலிலிருந்தும் தெரிவு செய்து, 25 சதவீத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய கலப்பு முறையில் 2018 பெப்ரவரியில் தேர்தல் நடந்தது. உறுப்பினர் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. பல சபைகளில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை அமையவில்லை. மாகாண சபைகளுக்கும் அதுபோன்ற கலப்பு முறையை 2017இல் சட்டமாக்கிய பாராளுமன்றம், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் ஆதரவாக ஒரு வாக்குமின்றி நிராகரித்தது. பழைய விகிதாசார முறை சட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, புதிய முறைக்குத் தொகுதிகளும் இல்லாத நிலையில், 2014 செப்டம்பரில் ஊவாவில் நடந்த தேர்தலுக்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேலாக எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடத்தப்படவில்லை.