பட்டையும் பட்டனும்: செஞ்சி வட்டத்துச் சக்கரங்களின் தேய்மான வரலாறு

சாலையில் உருளும் சக்கரம் எதுவாயினும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சுமையைத் தாங்கும் உடல். மற்றொன்று தரையோடு உரசித் தேய்வதற்கென்றே அந்த உடலின்மேல் பொருத்தப்பட்ட புறப்பகுதி. மாட்டுவண்டிச் சக்கரத்தில் மரத்தாலான வட்டை உடலாகவும் அதைச் சுற்றிய இரும்புப் பட்டை தேய்மானப் பகுதியாகவும் அமைந்தன. லாரி டயரில் நூலடுக்குகளாலான கூடு உடலாகவும், ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் ‘பட்டன்’ என்று சொல்லும் வரிப்பள்ளங்கள் கொண்ட மேல்ரப்பர் தேய்மானப் பகுதியாகவும் அமைகின்றன. தேய்ந்ததை எப்போது மாற்றுவது என்ற கேள்வி, உடலுக்குச் சேதம் வராத வகையில் புறப்பகுதியை எவ்வளவு தூரம் தேயவிடலாம் என்ற கேள்வியாகவே நெடுங்காலம் இருந்தது. அதற்கு விடை சொல்லும் பொறுப்பு வண்டிக்காரரிடமிருந்தும் கொல்லரிடமிருந்தும் ரப்பர் பட்டறைக்கும், அங்கிருந்து சட்டத்துக்கும் எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பதை, விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த அனந்தபுரம் போன்ற ஊர்களைச் சூழ்ந்த போக்குவரத்தின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

செஞ்சிக் கோட்டையை 1677 இல் மராட்டியரும், நீண்ட முற்றுகைக்குப் பின் 1698 இல் முகலாயரும், 1750 இல் பிரெஞ்சுக்காரரும், 1761 இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். படைகள் அடுத்தடுத்துத் தேடிவந்த இந்த நகரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருப்புப்பாதைகள் மட்டும் சுற்றிக்கொண்டு போயின. சென்னையிலிருந்து தெற்கே இறங்கிய பாதை கிழக்கில் திண்டிவனம் வழியாக விழுப்புரத்தை அடைந்தது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி நோக்கிச் சென்ற பாதை மேற்கில் திருவண்ணாமலையைத் தொட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட செஞ்சி வட்டம் இரயில் நிலையம் இல்லாத நிலப்பரப்பாகவே நின்றுவிட்டதால், அங்கு விளைந்தவை அனைத்தும் வெளியேறச் சக்கரத்தை நம்ப வேண்டியிருந்தது. அன்றைய தென்னாற்காடு மாவட்டம் சென்னை மாகாணத்தின் முதன்மையான நிலக்கடலைப் பகுதிகளுள் ஒன்றாக வளர்ந்து, அதன் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்ற காலத்தில், அந்த வணிகத்தின் முதற்கட்டப் பயணம் மாட்டுவண்டியில்தான் நிகழ்ந்தது. கருங்கல் குன்றுகளும் சரளைத் தரையும் நிறைந்த இப்பகுதியின் வழித்தடங்கள் சக்கரப் பட்டையை இடைவிடாமல் தேய்த்தன.

வண்டிச் சக்கரத்தின் அமைப்பை அறிந்தாலன்றி அதன் பழுதுபார்ப்பு முறை விளங்காது. நடுவில் அச்சு நுழையும் உருண்டையான மரக்கட்டை குடம் எனப்படும். குடத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் குச்சிகள் ஆர்க்கால்கள். ஆர்க்கால்களின் வெளிமுனைகளை இணைத்து வட்டமாக நிற்கும் வளைந்த மரத்துண்டுகள் வட்டை. இவற்றைத் தச்சர் செய்தார். இத்தனை துண்டுகளையும் ஓர் உடலாக இறுக்கிப் பிடிப்பது பசையோ ஆணியோ அன்று, கொல்லர் போடும் இரும்புப் பட்டையே ஆகும். வட்டையின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகப் பட்டையை வளையமாக்கி, வறட்டி அடுக்கி மூட்டிய நெருப்பில் அதைப் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கிச் சம்மட்டியால் தட்டிப் பொருத்தியவுடன் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பர். ஐந்தடி விட்டமுள்ள வளையம் ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் அளவு சூடேறும்போது அதன் சுற்றளவு ஓர் அங்குலத்துக்கும் சற்று மிகுதியாக நீள்கிறது. குளிரும்போது அதே அளவு சுருங்கி, வட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்றும் ஆர்க்கால்களைக் குடத்தோடும் நெருக்குகிறது. ஆகவே பட்டை தேய்மானத்தைத் தாங்குவதோடு சக்கரத்தைக் கட்டிவைக்கும் வேலையையும் செய்தது.

இந்த இரட்டை வேலையின் காரணமாக, பட்டையை மாற்ற வேண்டிய தருணத்தைத் தடிமன் மட்டும் தீர்மானிக்கவில்லை. கோடையில் மரம் காய்ந்து சுருங்கும். இரும்பு அவ்வாறு சுருங்காது. அதனால் பங்குனி, சித்திரை மாதங்களில் பட்டைக்கும் வட்டைக்கும் இடையே சந்து விழுந்து, வண்டி ஓடும்போது கடகடவென்ற ஓசை எழும். சுத்தியால் தட்டினால் இறுகிய பட்டை கணீரென்றும் தளர்ந்த பட்டை மங்கலாகவும் ஒலிப்பதைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இடைவெளியையும் காதால் அறிய முடிந்தது. சக்கரத்தைக் குட்டையில் ஊறப்போட்டு மரத்தை உப்பவைப்பதும், சந்துகளில் ஆப்பு அடித்து இறுக்குவதும் சில நாட்களுக்குக் கைகொடுத்த தற்காலிகத் தீர்வுகள். நிலையான தீர்வு பட்டையைக் கழற்றி, அதில் ஒரு சிறு துண்டை வெட்டி நீக்கி, முனைகளைக் காய்ச்சி இணைத்து, குறுகிய வளையமாக மீண்டும் ஏற்றுவதாகும். பட்டை மெலிந்து, ஓரங்கள் மடங்கி, வெட்டி இணைத்தால் தாங்காது என்னும் நிலையில்தான் புதுப்பட்டை வாங்கப்பட்டது. மரம் முழுமையாகக் காய்ந்திருக்கும் கோடையில் பட்டை போட்டால் அந்தச் சக்கரம் மழைக்காலத்தில் உப்பி மேலும் இறுகும். மழைக்காலத்தில் போட்டால் அடுத்த கோடையிலேயே தளரும். அறுவடைப் பாரம் ஓய்ந்து, மாடுகளுக்கும் ஆட்களுக்கும் வேலை குறையும் பருவமும் அதுவே என்பதால், பட்டை மாற்றும் முடிவைப் பொறியியலும் வேளாண் நாட்காட்டியும் சேர்ந்தே எடுத்தன.

அம்முடிவைத் தள்ளிப்போடுவதன் விலையும் ஊராருக்குத் தெரிந்தே இருந்தது. தளர்ந்த பட்டையோடு பாரம் ஏற்றினால் வட்டை பிளக்கும், ஆர்க்கால் குடத்தில் ஆடி அதன் துளையைப் பெரிதாக்கும். கொல்லரின் ஒருநாள் வேலையோடு முடிந்திருக்க வேண்டியது தச்சரிடம் புதுச்சக்கரம் செய்யச் சொல்லும் செலவாக முடியும். தச்சரும் கொல்லரும் பல ஊர்களில் பணக்கூலியோடு, அல்லது அதற்குப் பதிலாக, களத்திலேயே அளந்து தரப்படும் தானியப் பங்கான மேரையைப் பெற்றதால், வழக்கமான பழுதுபார்ப்பு உழவரின் ஆண்டுக் கணக்கில் முன்கூட்டியே அடங்கியிருந்தது. பாதிவழியில் பழுது நேரும் வாய்ப்பை எண்ணி முன்னேற்பாடு செய்யும் பழக்கமும் மிகப் பழமையானது; உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தி புறநானூற்றில் இடம்பெறுகிறது. எனினும் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நகரும் வண்டியின் சக்கரம் உடைந்தால் நட்டம் பெரும்பாலும் வண்டிக்காரருக்கே நேர்ந்தது, வழியில் செல்லும் பிறருக்கு அரிதாகவே ஆபத்து விளைந்தது. தேய்மானம் பற்றிய முடிவு உரிமையாளரின் சொந்த விவகாரமாக நீடித்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

இரும்புப் பட்டையைப் பற்றிய முதல் பொதுப்புகார் வண்டியைப் பற்றியதாக எழவில்லை, சாலையைப் பற்றியதாக எழுந்தது. குறுகலான பட்டை பெரும்பாரத்தைச் சில அங்குல அகலத்தில் குவித்துச் சரளைச் சாலையை வெட்டித் தடம் பறித்தது. ஒரே தடத்தில் அடுத்தடுத்த வண்டிகள் சென்றபோது பள்ளம் ஆழமானது. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888 இல் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயர், பாரத்தைப் பரப்பி இறக்கியதால், சாலைப் பொறியாளர்கள் அதை மாட்டுவண்டிக்கும் ஏற்ற தீர்வாகக் கருதினர். டன்லப் நிறுவனம் வங்காளத்தின் சாகஞ்சில் 1936 இல் தொழிற்சாலை தொடங்கியபின் இந்தியாவிலேயே டயர் கிடைத்தது. ஆனால் புதிய டயரும் இரும்பு அச்சும் தாங்கி உருளைகளும் சேர்ந்த சக்கரத் தொகுதி சிறு உழவருக்கு எட்டாத விலையில் இருந்தது. ‘டயர் வண்டி’ ஊர்களில் பரவியது, மோட்டார் வாகனங்கள் பெருகி, அவை கழித்துப்போட்ட டயர்களும் அச்சுகளும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே ஆகும்.

ரப்பரை மேலும் மேலும் பயன்படுத்திக்கொள்ளும் தொழிலை இரண்டாம் உலகப்போர் வளர்த்தது. 1942 தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. உலக இயற்கை ரப்பர் விளைச்சலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அளித்த தென்கிழக்காசியா நேச நாடுகளின் கையைவிட்டுப் போனது. பெட்ரோலுக்கும் டயருக்கும் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில், மதுரையின் டி.வி. சுந்தரம் அய்யங்கார் கரியிலிருந்து எரிவாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியை உருவாக்கியதோடு, தேய்ந்த டயருக்குப் புது மேல்ரப்பர் போடும் ஆலையையும் நிறுவினார். சென்னை திருவொற்றியூரில் 1946 இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பலூன் பட்டறை 1952 இல் இதே பணிக்கான மேல்ரப்பரைத் தயாரிக்க முற்பட்டு, பின்னர் 1961 இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச்சேர்ந்து மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி என்ற டயர் நிறுவனமாக வளர்ந்தது. புதிய டயர் செய்வதற்குமுன் பழைய டயரைப் புதுப்பிக்கக் கற்றுக்கொண்டது தமிழகத்து ரப்பர் தொழிலின் குறிப்பிடத்தக்க இயல்பு எனலாம்.

ரீட்ரேடிங் என்று நிறுவனங்களும் ‘ரீபட்டன்’ என்று சாலையோரப் பட்டறைகளும் சொல்லும் இத்தொழிலில், தேய்ந்த டயரின் மேற்பரப்பைச் சுரண்டிச் சமமாக்கி, பசை தடவி, புதிய ரப்பரை ஒட்டி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அதைக் கூட்டோடு ஒன்றாக்குவர். வரியில்லாத ரப்பரை அச்சில் இட்டு ஏறத்தாழ 150 பாகையில் வேகவைப்பது பழைய முறை. முன்பே வரி பதித்து வேகவைத்த பட்டையை ஒட்டி 100 பாகைக்குச் சற்று மேலான வெப்பத்தில் இணைப்பது பின்னர் வந்த முறை. இரண்டிலும் கூடு சேதமின்றி இருந்தாலன்றிப் பயனில்லை. புதிய லாரி டயரின் பள்ளம் பொதுவாக 15 மில்லிமீட்டர் அளவில் இருக்க, அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆகும்போதே கழற்றிவிடும்படி தொழில் வல்லுநர்கள் அறிவுறுத்துவர். மிச்சமிருக்கும் ரப்பரையும் ஓட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவரின் டயரில் கல் ஏறி, நீர் கசிந்து, நூல் தெரிந்துவிட்டால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்காக இரண்டாம் வாழ்வு முழுவதும் இழக்கப்படுகிறது. தளர்ந்த பட்டையால் வட்டையை இழந்த வண்டிக்காரரின் கணக்கும் இக்கணக்கும் ஒன்றே.

செஞ்சி வட்டத்தில் இரயில் இல்லாத குறையைப் பேருந்தும் லாரியும் நிரப்பின. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975 இல் உருவான தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம், இன்றைய தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் பிரிவாகத் தொடர்கிறது. பெரும் பேருந்து நிர்வாகங்களில், திசைதிருப்பும் முன்சக்கரங்களுக்குப் புதிய டயரும், பக்கத்துக்கு இரண்டாக இணைந்த பின்சக்கரங்களுக்குப் புதுப்பித்த டயரும் போடுவது வழக்கமாயிற்று. முன்டயர் வெடித்தால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும், பின்டயர் ஒன்று போனாலும் இணைச்சக்கரம் சற்றுநேரம் தாங்கும் என்பது இதன் காரணம். புதுப்பிக்கவும் தகுதியற்ற லாரி டயர் மாட்டுவண்டிக்குச் சென்று மேலும் சில ஆண்டுகள் உழைத்தது. அதற்கும் பின் டயர் செருப்பாக வெட்டப்பட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் உயிருக்கு உலைவைக்கும் டயர், மாட்டின் நடையில் எவருக்கும் தீங்கின்றி ஓடியது. ஒரு டயர் ‘தேய்ந்துபோனது’ என்பது அதன் நிலையை மட்டும் பொறுத்ததன்று, அது சுமக்கும் பாரத்தையும் ஓடும் வேகத்தையும் பொறுத்தது என்பதை இந்த இறங்குவரிசை காட்டுகிறது.

வேகமே அரசையும் இம்முடிவுக்குள் கொண்டுவந்தது. மோட்டார் வாகனங்களுக்கான அனைத்திந்தியச் சட்டங்கள் 1914 இலும் 1939 இலும் இயற்றப்பட்டு, இன்று நடைமுறையில் உள்ள 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்து நின்றன. அதன்கீழ் அமைந்த 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94 ஆவது விதி, நூலடுக்கு வெளித்தெரியும் டயரையும், உள்ளே சிதைவு தொடங்கியதைக் காட்டும் வகையில் வீங்கிய டயரையும் தகுதியற்றதாக்குகிறது. வரிப்பள்ளத்தின் ஆழம் இருசக்கர, முச்சக்கர வாகனங்களில் 0.8 மில்லிமீட்டருக்கும் பிற வாகனங்களில் 1.6 மில்லிமீட்டருக்கும் குறையக்கூடாது என்றும் இன்றைய விதி வரையறுக்கிறது. பள்ளத்தின் அடியில் இந்த எல்லையைக் காட்டும் சிறு மேடுகளை உற்பத்தியாளர் அமைக்கின்றனர். தேய்ந்த ரப்பர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது.

இந்த அளவின் நோக்கம் பழைய கணக்கிலிருந்து வேறுபட்டது. கூட்டைக் காப்பாற்றும் எண்ணத்தில் வகுக்கப்பட்ட எல்லை அன்று இது. ஈரச்சாலையில் டயருக்கும் தரைக்கும் இடைப்பட்ட நீரைப் பள்ளங்கள் வெளியேற்றினால்தான் பிடிமானம் கிடைக்கும். மொட்டை டயர் நீர்ப்படலத்தின்மேல் வழுக்கி, பிரேக் பிடித்தபின்னும் நெடுந்தூரம் ஓடும். உலர்ந்த சாலையில் சிக்கனமாகத் தோன்றும் டயர் ஐப்பசி மழையில் எதிரே வருபவரின் உயிருக்கு விலை வைக்கிறது. நட்டம் உரிமையாளரோடு நிற்காமல் பிறர்மேல் விழத் தொடங்கியதனாலேயே, முடிவும் அவர் கையில் மட்டும் இருக்க இயலாததாயிற்று.

ஆயினும் சட்டத்தின் மில்லிமீட்டர் பழைய அறிவைத் தேவையற்றதாக்கிவிடவில்லை. பள்ளம் போதிய அளவு இருந்தும் ரப்பர் வெயிலாலும் காற்றாலும் முதிர்ந்து பக்கவாட்டில் வெடிப்பு விடலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கமாகப் பொறிக்கப்பட்ட உற்பத்திக் குறியில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் காட்டுவதால், அதன் வயதை எவரும் கணிக்கலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகை, இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறை, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்நிலை பிசகியுள்ளது என்று பட்டறைக்காரர் படித்துச் சொல்வர். காரணத்தை நீக்காமல் போடப்படும் புது டயரும் அதே வகையில் விரைந்து தேயும். சட்டம் வகுத்தது பிறரின் பாதுகாப்புக்கான கடைசி எல்லை. அந்த எல்லைக்கு முன்பே, உடல் கெடுமுன் தோலை மாற்றும் தருணத்தைக் கண்டறிவது, கோடையில் பட்டையைத் தட்டிக் கேட்ட காலத்தைப் போலவே இன்றும் உரிமையாளரின் கண்ணையும் கையையும் சார்ந்த கடமையாக இருக்கிறது.