பரந்தனில் ஒரு பகல்

பழம்பெரும் ஊர்களைக் காணச் செல்வோர் கோட்டையையும் கோபுரத்தையும் தேடிச் செல்வது வழக்கம். அநுராதபுரத்துத் தாதுகோபங்களின் முன் வியந்து நின்றவர்களும், கோணேசர் மலையிலிருந்து கடலை நோக்கி மெய்ம்மறந்தவர்களும் நம்மிடையே பலர் உளர். பரந்தனைக் காணவென்றே பயணம் புறப்பட்ட ஒருவரை நாம் இதுகாறும் சந்தித்ததில்லை. கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி அது. தேநீர்க் கடைகள், நெல் மூடைகளை ஏற்றிய உழவு இயந்திரங்கள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மக்கள் ஆகியன தவிரப் பயணியின் கண்ணை இழுத்து நிறுத்தும் எதுவும் அங்கு இல்லை.

கல்விச் சுற்றுலா முடிந்து யாழ்ப்பாணம் திரும்பும் வழியில், மாணவரை அங்கு இறக்கினோம். "இதில பாக்க என்ன சேர் இருக்கு?" என்றாள் ஒரு மாணவி. நேர்மையான கேள்விதான். நேராக விடை கூற நமக்கும் இயலவில்லை. முதலில் வயலைப் பாருங்கள் என்றோம்.

காலபோகப் பயிர் பச்சை கட்டி நின்ற நேரம். பரந்தன் என்ற பெயரைக் கேட்டதும் மனத்தில் விரியும் அந்த வெளி, கண்ணெட்டிய மட்டும் கிடந்தது. கொக்குகள் வரப்பிலே தவம் செய்தன. ஆனையிறவுக் கடல்நீரேரிப் பக்கமிருந்து உப்புக் காற்று வீசியது. இயற்கையின் கொடை என்று கவிஞர்கள் பாடிவிடுவர். நாமும் அவ்வாறே எண்ணி மகிழ்ந்திருப்போம், வயலோரத்து வாய்க்காலைக் காணாதிருந்தால்! அந்த நீர் இரணைமடுக் குளத்தது. கனகராயன் ஆற்றை மறித்து அக்குளத்தைக் கட்டும் பணி 1902இல் தொடங்கி, இரு தசாப்தங்கள் வரை நீண்டது. காடும் காய்ச்சலும் யானையும் ஆண்ட நிலத்திலே மண் சுமந்தவர்களின் கைகளே இவ்வெளியைப் படைத்தன. திட்டமிட்ட ஆங்கிலேயப் பொறியியலாளரின் பெயரை நூல்கள் பேணிவைத்துள்ளன. மண் சுமந்தவர்களின் பெயரை எந்த நூலிலும் நாம் கண்டதில்லை.

குளம் எழுந்தபின் குடியேற்றங்கள் வந்தன. குடாநாட்டிலே காணியற்றிருந்தோர் ஆனையிறவைக் கடந்து வந்து கமக்காரர் ஆயினர். அவர்தம் துணிவை நாம் பெருமையுடன் பேசுவோம், பேசவும் வேண்டும். ஆயின் இவ்வயல்களுக்கு இன்னொரு வழியாகவும் மனிதர் வந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர், 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் அடைக்கலம் தேடிக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் பெருந்தொகையாக வந்தனர். தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் இங்கே நாற்று நட்டன. சொந்தக் காணி பெற்றோர் சிலர். பிறருடைய வயலிலே கூலிகளாகவே நின்றோர் பலர். ஒரே மொழி பேசிய நம்மவரே அவர்களை இரண்டாந்தர மனிதராக நடத்தினர் என்பதை மாணவர் முன் சொல்ல நமக்கு நாக் கூசியது. எனினும் சொன்னோம்.

பரந்தனின் புகழ்பெற்ற சின்னம் இரசாயனத் தொழிற்சாலை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகித ஆலையும் போல, சுதந்திரத்தை அடுத்த காலத்துக் கைத்தொழிற் கனவின் குழந்தை அது. அக்காலத்தே கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயரை இம்மூன்றோடும் சேர்த்துப் பேசுவர். மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த அரசிலே அமைச்சராக அமர்ந்தவரும் அவரே. ஆலையைத் தந்த கையையும் அந்தக் கையையும் வேறு வேறாகப் பார்க்க நாம் பழகிவிட்டோம்.

ஆனையிறவு உப்பளத்தின் உப்பு இங்கு வந்தது. உப்புக் கரைசலினூடே மின்னோட்டத்தைச் செலுத்தினால் குளோரீனும் ஐதரசனும் பிரியும், எரிசோடா எஞ்சும். இரசாயனப் பாடத்திலே கரும்பலகையில் நாம் வரையும் மின்பகுப்புக் கலம்தான். எரிசோடா சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் வேண்டியது. குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்குவது. வெயிலிற் கருகிய உப்பளத் தொழிலாளியின் உழைப்பு, பரந்தன் தொழிலாளியின் கைமாறி, எங்கோ தொலைநகரத்தில் ஒரு குழந்தை குடிக்கும் நீர்வரை சென்றது. "பரீட்சைக்குப் பாடமாக்கினது இதுவா!" என்றான் ஒருவன்.

போர்க்காலத்திலே உற்பத்தி நின்றது. இன்று இடிந்த சுவர்களும் துருவேறிய இரும்புமே மிச்சம். அங்கு முன்னர் வேலை செய்த முதியவர் ஒருவரைத் தேநீர்க் கடையிலே சந்தித்தோம். "இரவு பகல் எண்டில்லாமல் ஓடினது தம்பி. ஒரு நாளும் இந்த இடம் இருண்டதில்லை" என்றார். பிறகு தம் இளமைச் சம்பளத்தையும், சம்பள நாளிலே சந்திக் கடைகள் நிறைந்து வழிந்ததையும் நெடுநேரம் சொன்னார். மாணவர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். நாம் காட்டிய எதையும் அவர்கள் அத்துணை ஆவலோடு கேட்கவில்லை. சிறிது பொறாமையும் நமக்கு உண்டாயிற்று. பரந்தன் என்ற பெயர் தாங்கிய அரச நிறுவனம் இன்று குளோரீனை வெளிநாட்டிலிருந்து தருவித்து விநியோகிக்கிறது என்று கூறியபோது அவர் சிரித்தார். அச்சிரிப்பைக் காண நமக்கு வருத்தமாயிருந்தது.

புகையிரதப் பாதையின் கதையும் இத்தகையதே. 1905இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைத்த பாதை 1990இல் துண்டுபட்டது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. 2014இலே வண்டி மீண்டும் பரந்தனைக் கடந்து வடக்கே ஓடியது.

சந்தியிற் கிழக்கே திரும்பும் வீதியை மாணவர் அறிவர். சிலர் குழந்தைகளாக அதன் வழியே தூக்கிச் செல்லப்பட்டவர்கள் என்பதை அன்றுதான் நாம் அறிந்தோம். 2009 ஜனவரி முதல் நாள் பரந்தன் இராணுவத்தின் வசமாயிற்று. அதன் பின்னர் முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு என்று அவ்வீதிவழியே மக்கள் கூட்டம் ஒதுங்கி ஒதுங்கி முள்ளிவாய்க்கால் வரை சென்றது. சென்றோர் பலர் மீளவில்லை. மாணவி ஒருத்தி தன் தாய் சொன்னதைச் சொல்லத் தொடங்கி இடையில் நிறுத்திக்கொண்டாள். நாம் வற்புறுத்தவில்லை.

வடக்கே ஆனையிறவிலே வெற்றிச் சின்னம் ஓங்கி நிற்கிறது. 1991ஆம் ஆண்டுச் சமரில் அழிந்த கவச இயந்திரமும் பேணப்பட்டுள்ளது. தெற்கிலிருந்து வருவோர் அதன் முன் படம் எடுத்துக்கொள்கின்றனர். பரந்தன் ஆலையின் முன், இங்கு இன்னார் உழைத்தனர் என்று கூறும் ஒரு பலகையையேனும் நாம் காணவில்லை. 2025இல் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பரந்தனிலே கைத்தொழில் வலயம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. வலயம் எழுமாயின் அதிலே எவர் வேலை பெறுவர், எந்தக் கூலிக்கு, சங்கம் அமைக்கும் உரிமை உண்டா என்று கேட்கவேண்டியவர்கள் நாமே. இடிபாடுகளை முற்றாக அகற்றிவிடாமல் ஒரு சுவரையாவது நிறுத்திவைக்கக் கேட்பதும் தவறன்று.

பஸ் புறப்படுகையில் வயல்மேல் மாலை வெயில் பொன்னாய்க் கிடந்தது. முதற் கேள்வியைக் கேட்ட மாணவி, முதியவரின் பெயரையும் அவர் வேலை செய்த பகுதியையும் தன் கொப்பியில் எழுதியிருந்தாள். அடுத்த தவணையிலே முல்லைத்தீவு வீதிவழியே செல்லவேண்டுமென்று மாணவர் கேட்டுள்ளனர். பெற்றோரின் சம்மதம் பெறவேண்டும்.