உடற்பயிற்சி நிலையப் பணியாளர் தேர்வு (பினாங்கு)

உடற்பயிற்சி நிலையப் பணியாளர் தேர்வு என்பது, நிலையத்துக்கு வரும் அங்கத்தினரோடு நேரில் பழகி, அவரவர் தேக நிலையை அறிந்து பயிற்சி அளிக்கவும், அவர்களை வரவேற்று அவர்கள் தரும் விவரங்களைப் பத்திரமாகக் காக்கவும் தகுந்தவர்களைத் தேடி, பரீட்சித்து, நியமிக்கும் நிர்வாக காரியமாகும். மலேசிய மாநிலமான பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் இக்காரியத்துக்கு விசேஷமான முக்கியத்துவம் உண்டு. தமிழர் தண்ணீர்மலை என்று வழங்கும் பகுதியில் 1884ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவிலும், பினாங்குக் கொடிமலையின் பாதைகளிலும், கர்னி டிரைவ் கடற்கரையிலும் விடியற்காலை தொடங்கி ஜனங்கள் காசு செலவின்றி நடந்தும் ஓடியும் தேகத்தைப் பேணிவரும் ஊரில், ஒருவர் மாதச் சந்தா கட்டி ஜிம்முக்குள் நுழைகிறார் என்றால், தம்மைக் கவனித்துச் சொல்லித்தரும் ஒரு மனிதரை நாடியே பெரும்பாலும் அவர் வருகிறார். அந்த மனிதர் சரியில்லையென்றால் விலையுயர்ந்த இயந்திரங்களால் பிரயோஜனம் அதிகமில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் திடகாத்திரமான வாலிபர்கள் அல்லர். மலேசிய சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, வயதுவந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. ஆகவே பயிற்றுநர் பதவிக்கு வரும் விண்ணப்பதாரர் இரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு வலி ஆகியவற்றைப் பற்றி விசாரித்தறியவும், எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று நிதானிக்கவும் தெரிந்தவராக இருத்தல் அவசியம். செம்பிறைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ அளிக்கும் முதலுதவி, சி.பி.ஆர். பயிற்சியைப் பெற்றிராதவரைத் தனியாகத் தளத்தில் நிறுத்துவது பெரும் பிசகாகும்.

தேகப்பயிற்சி ஆசிரியர்களை முறையாகத் தயாரிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. 1920ஆம் ஆண்டில் ஹாரி க்ரோ பக் என்பவர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே இத்துறையில் முந்தியவற்றுள் ஒன்று. மலேசியாவில் தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் உண்டு. பினாங்கில் தலைமையிடம் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் விளையாட்டு அறிவியலைக் கற்பிப்பது கிளந்தான் மாநிலத்தில் உள்ள தன் சுகாதார வளாகத்தில் என்பதால், பட்டதாரியை நாடும் ஜார்ஜ் டவுன் உரிமையாளர் தம் தீவுக்கு அப்பாலும் விளம்பரம் செய்வது நன்று.

சான்றிதழ் எத்துணை உயர்ந்ததாயினும், அது ஒருவர் படித்ததற்குச் சாட்சியே தவிர, கூச்சத்தோடு வந்து நிற்கும் இன்னொருவரிடம் அவர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதற்குச் சாட்சி ஆகாது. இதை அறிவதற்கு மேசைக்கு எதிரே அமர்த்திக் கேள்வி கேட்கும் நேர்முகத்தைவிட, ஒரு மணி நேர மாதிரி வகுப்பே மேலான உபாயம் என்பது இக்கட்டுரையாளரின் திடமான அபிப்பிராயம். இதற்கு முன் ஜிம் வாசலையே மிதித்திராத, முழங்கால் வலியுள்ள, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையாரை, அவர் சம்மதத்துடன், விண்ணப்பதாரரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அம்மையாரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாரா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை போட்டீர்களா என்று விசாரிக்கிறாரா, நேரே டிரெட்மில்லில் ஏற்றிவிடாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லி முழங்கால் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கிறாரா, தோளைத் திருத்தக் கை வைப்பதற்கு முன் அனுமதி கேட்கிறாரா, அம்மையார் மூச்சு வாங்கும்போது தம் கைப்பேசியைப் பார்க்கிறாரா அவர் முகத்தைப் பார்க்கிறாரா, வகுப்பு முடிந்ததும் டம்பெல்களை இருந்த இடத்தில் வைத்து வியர்வை பட்ட பலகையைத் துடைக்கிறாரா என்பவற்றையெல்லாம் உரிமையாளர் சற்றுத் தள்ளி நின்று கவனிக்கலாம். பிறகு அந்த அம்மையாரைத் தனியே அழைத்து, "இவரிடம் மறுபடி வருவீர்களா?" என்று கேட்டு அவர் சொல்லும் பதிலுக்கு, எந்தச் சிபாரிசுக் கடிதத்தையும்விட அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்.

பல மொழியினர் கலந்து வாழும் நகரமாதலால் பாஷை ஞானமும் பரிசீலனைக்குரியது. மலாய், ஆங்கிலத்தோடு ஹொக்கியனோ தமிழோ பேசத் தெரிந்தவர், வயதானவர்களிடம் "ஆன்ட்டி", "அங்கிள்" என்று அன்பாகப் பேசி வலி எங்கே என்று கேட்டறிவது எளிது. பெண் பயிற்றுநரிடம் மாத்திரமே கற்க விரும்பும் பெண்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். முஸ்லிம் பெண்கள் பலருக்கு அது ஒரு நிபந்தனையே ஆகும். ஆகையால் பெண்களைப் போதிய அளவு நியமிப்பது வியாபாரத்துக்கும் உகந்தது, நியாயத்துக்கும் உகந்தது.

ஊதியத்தை எவ்வாறு வகுக்கிறோமோ அதற்கேற்ற மனிதரே வந்து சேர்வார். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துத் தனிப்பயிற்சிப் பொதிகளை விற்கும் கமிஷனை மாத்திரம் உயர்த்தினால், விற்பனையில் சமர்த்தர்கள் வருவார்கள். பொறுமைசாலிகள் வேறிடம் போய்விடுவார்கள். அங்கத்தினர் எத்தனை பேர் சந்தாவைப் புதுப்பித்தார்கள் என்பதை ஒட்டி ஊக்கத்தொகை வழங்குவது இதைவிடச் சிலாக்கியமானது.

சட்டத்தின் வரம்புகளையும் நியமனத்துக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், 2023 ஜனவரி முதல், வார வேலை நேரத்தை 45 மணியாக வரையறுத்திருக்கிறது. ஒரு நாளின் வேலை, இடையில் விடும் ஓய்வையும் சேர்த்து, பத்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதும் அதன் பொதுவிதி. காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கூட்டம் கூடி, நடுப்பகலில் வெறிச்சோடிக் கிடக்கும் இத்தொழிலில், ஒருவரையே இரு வேளையும் நிறுத்த இவ்விதி இடங்கொடாது. ஆகவே இரண்டு குழுவுக்கு ஆள் தேடுவதே முறை. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுவோருக்கு முதலாளி 13 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குச் செலுத்துவதோடு சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்ட வேண்டும். பயிற்றுநரைச் சுயதொழில் செய்பவர் என்று காகிதத்தில் எழுதி இவற்றைத் தவிர்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஆயின் வேலை நேரத்தையும் முறையையும் நிலையமே நிர்ணயித்து உபகரணங்களையும் அளித்தால், அவரை ஊழியராகவே அனுமானிக்கத் திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் வழிசெய்கிறது.

அங்கத்தினரின் நோய் விவரங்கள் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசேஷப் பாதுகாப்புக்குரியவை. எனவே முகப்பில் அமர்பவர் வாயடக்கம் உள்ளவராக இருத்தல் வேண்டும். சிறுவர் வகுப்பு நடத்தும் நிலையங்கள் முந்தைய முதலாளிகளிடம் கடிதம் பெறுவதோடு நில்லாமல் தொலைபேசியிலும் பேசி, விண்ணப்பதாரர் ஏன் விலகினார் என்று விசாரிப்பது கட்டாயம். நியமனம் பெற்றவரை முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலத்தில் வைத்து, அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவரின் வகுப்புகளில் உடன் நிற்கச் செய்து, அதன் பின்னரே அங்கத்தினரைத் தனியே அவரிடம் ஒப்படைப்பது உத்தமமான முறையாகும்.