கடலூர், சிதம்பரம் பகுதியில் ஒரு ஸ்காட்லாந்துப் பட்டாளம் (1780–1783)

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரைப் பகுதியை இன்று பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். நெல்வயலும் தென்னந்தோப்பும் மணல்மேடும் நிறைந்த இச்சிறு நிலப்பரப்பு, 1781 முதல் 1783 வரை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூரார் ஆகிய மூவரின் சேனைகளுக்கும் போர்க்களமாக இருந்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் திரட்டப்பட்ட காலாட்படை ஒன்றின் வரலாற்றிலும் இவ்வூர்ப் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. 73-ஆம் மலைநாட்டுப் பட்டாளம் என்றும், நிறுவியவர் பெயரால் மெக்லௌடு பிரபுவின் மலைநாட்டார் என்றும் அது வழங்கப்பட்டது. அப்பட்டாளத்தின் முதற் பிரிவு நம் மண்ணில் நடத்திய போர்களையும், அவற்றால் இம்மண்ணின் மக்கள் அடைந்தவற்றையும் சேர்த்து நோக்குவதே நம் நோக்கமாகும்.

தோற்ற குலத்திலிருந்து வந்த படை

பட்டாளத்தை நிறுவிய ஜான் மெக்கன்சி என்னும் மெக்லௌடு பிரபு, இளமையில் பிரிட்டிஷ் அரசை எதிர்த்து வாளேந்தியவர். 1745-இல் ஸ்டூவர்ட் வமிசத்து இளவரசருக்காக ஸ்காட்லாந்து மலைநாட்டார் கிளர்ந்தெழுந்தபோது, குரோமார்ட்டி கோமகனாகிய தம் தந்தையோடு அவரும் அதில் பங்கேற்றார். 1746 ஏப்ரலில் கல்லோடன் களத்தில் அக்கிளர்ச்சி நசுக்கப்படுவதற்குச் சற்று முன்னர் தந்தையும் மகனும் பிடிபட்டனர். தந்தைக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் நிறுத்தப்பட்டது. மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெற்றார். குடும்பத்தின் நிலங்கள் பறிமுதலாயின. மலைநாட்டாரின் மரபுடையும் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அத்தடை 1782-ஆம் ஆண்டு வரை நீடித்தது. அரசனின் பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு இருந்தது.

நாடிழந்த மெக்லௌடு சுவீடன் அரசின் படையில் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனுக்கு எதிராக எழுந்து, பிரான்சும் அவற்றோடு சேர்ந்த நெருக்கடியில், லண்டன் அரசுக்குப் புதிய படைகள் தேவைப்பட்டன. மெக்லௌடு தம் குலத்தாரிடையே ஆள் திரட்டினார். 1778-இல் ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட பட்டாளம் உருவாயிற்று. இரண்டாம் பிரிவு ஜிப்ரால்டர் முற்றுகைக்குச் சென்றது. முதற் பிரிவு 1780 ஜனவரி 20 அன்று சென்னையில் கரையிறங்கியது. ஒரு வல்லரசிடம் தோற்று உடையையும் நிலத்தையும் இழந்த மக்களின் பிள்ளைகள், அதே வல்லரசுக்காக மற்றொரு நாட்டின் மீது போர் தொடுக்க வந்தனர் என்பது இவ்வரலாற்றில் நாம் முதலில் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

பொள்ளிலூர்

அவர்கள் வந்திறங்கிய ஆறு மாதங்களில் கர்நாடகம் தீப்பற்றியது. மராட்டியர் தாக்கினால் துணைநிற்போம் என்று 1769-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஹைதர் அலிக்கு வாக்களித்த ஆங்கிலக் கும்பினி, தேவை நேர்ந்தபோது அவரைக் கைவிட்டது. 1779-இல், அவருடைய பாதுகாப்பில் இருந்த மாஹே துறைமுகத்தையும் கைப்பற்றியது. 1780 ஜூலையில் ஹைதரின் பெருஞ்சேனை கணவாய்களைக் கடந்து இறங்கியது. ஹைதரின் இளைய மகன் கரீம் சாஹிபின் குதிரைப்படை கடற்கரைக்கு விரைந்து, மஹ்மூது பந்தர் என்று முஸ்லிம்கள் வழங்கும் பறங்கிப்பேட்டையைச் சூறையாடியது. மரக்காயர் வணிகத்தால் செழித்திருந்த துறைமுகம் அது. சூறையாடியவர்களும் பொருளிழந்தவர்களுள் பலரும் ஒரே திசை நோக்கித் தொழுதவர்கள். போரின் கொள்ளை அதைப் பார்க்கவில்லை.

1780 செப்டம்பர் 10 அன்று, ஹிஜ்ரி 1194 ரமளான் மாதத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதராலும் திப்பு சுல்தானாலும் சூழப்பட்டு அழிந்தது. அப்படைக்குத் துணையாக முன்னதாக அனுப்பப்பட்டவற்றுள் 73-ஆம் பட்டாளத்தின் இரு கம்பெனிகளும் இருந்தன. மைசூர் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் பொழிந்த தீயில் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லி சரணடைந்தார். அவருடைய படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. அருகில் இருந்தும் உதவாத தளபதி ஹெக்டர் மன்றோ, பெரும்பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

காயமுற்றுச் சிறைப்பட்டவர்களுள் இப்பட்டாளத்தின் கேப்டன் டேவிட் பெயர்டும் ஒருவர். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் அவர் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கழித்தார். பெய்லி 1782-இல் அங்கேயே இறந்தார். இளஞ்சிறைவாசிகள் சிலர் கட்டாயமாகச் சுன்னத் செய்யப்பட்டு மைசூர்ப் படையில் சேர்க்கப்பட்டனர். ஹைதரின் வீரத்தைப் போற்றும் நாம் இதனை மறைப்பது முறையன்று. மார்க்க நெறிக்கு உடன்பாடான செயலும் அன்று அது.

சிதம்பரமும் பறங்கிப்பேட்டையும்

தோல்விச் செய்தி கேட்டு வங்காளத்திலிருந்து விரைந்து வந்த சர் அயர் கூட், 1781 பிப்ரவரியில் கடலூரை வந்தடைந்தார். 73-ஆம் பட்டாளமும் உடன் வந்தது. அதன்பின் நான்கு மாதங்கள் அச்சேனை கடலூரை விட்டு அதிகம் நகர இயலவில்லை. சுற்றியிருந்த நாடு ஹைதரின் குதிரைப்படையால் பாழாக்கப்பட்டிருந்தமையால், அரிசி முழுவதும் சென்னையிலிருந்து கடல்வழியே வரவேண்டியிருந்தது. எதிரிக்கு உணவு கிட்டாமல் செய்வது ஹைதரின் போர்முறை. அதில் அவர் வென்றார். ஆயின் எதிரிக்குக் கிட்டாத உணவு உழவனுக்கும் கிட்டவில்லை.

ஜூன் 16 அன்று கூட் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். சிதம்பரம் நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்கள் அந்நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்த போர்களிலேயே கோட்டையாகப் பயன்பட்டவை. இப்போது ஹைதரின் காவற்படை அங்கே தானியத்தைச் சேமித்து வைத்திருந்தது. ஜூன் 18 இரவு கூட் அதனைத் தாக்கினார். தாக்குதலுக்கு முன்னிறுத்தப்பட்டவர்கள் கும்பினியின் இந்தியச் சிப்பாய்கள். வெளி அரண்களைக் கடந்து உள்ளே புகுந்த அவர்கள் பேரிழப்போடு விரட்டப்பட்டனர். ஒரு சிவாலயத்தின் மதில்மேல் முஸ்லிம் மன்னர் ஒருவரின் வீரர்கள் நின்று காக்க, வெள்ளையரின் ஊதியம் பெற்ற தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் அடங்கிய சிப்பாய்கள் அதனைத் தாக்கினர். இப்போரைச் சமயப் போராகச் சித்திரிக்க விரும்புவோர் அந்த ஓர் இரவை எண்ணிப் பார்த்தல் நலம்.

பின்வாங்கிய கூட் பறங்கிப்பேட்டையில் கடலை ஒட்டிப் பாளையமிறங்கினார். ஹைதர் விரைந்து வந்து கடலூர்ச் சாலையை மறித்து அரண் அமைத்தார். 1781 ஜூலை 1 அன்று, ஏறத்தாழ 8,500 பேருடன் கூட் வெளியே வந்தார். எதிரே பன்மடங்கு பெரிய சேனை. அரணை நேரே தாக்காமல், கடலோர மணல்மேடுகளின் இடைவெளி வழியே அவர் வளைத்துச் சென்றார். அந்நாட்போரில் ஹைதரின் மைத்துனர் மீர் அலி ரஜா கான் படுகாயமுற்று உயிர்நீத்தார். ஹைதர் களத்தை விட்டகன்றார்.

அப்படையில் இருந்த ஒரே பிரிட்டிஷ் அரசப் பட்டாளம் 73-ஆம் பட்டாளமே. மலைநாட்டாரின் பைக்குழலிசையை விரும்பாதவராயிருந்த கூட், அன்று குண்டுமழைக்கு நடுவே குழலூதி முன்னேறியவனைக் கண்டு மனம் மாறி, வெள்ளிக்குழல் வாங்க 50 பவுன் பரிசளித்தார் என்பது பட்டாளத்தாரின் மரபுவழிச் செய்தி. அவர்கள் நினைவில் பறங்கிப்பேட்டை என்பது அந்த வெள்ளிக்குழல்தான். தொடர்ந்து ஆகஸ்டு 27 அன்று மீண்டும் பொள்ளிலூரிலும், செப்டம்பர் 27 அன்று சோளிங்கரிலும் அவர்கள் போரிட்டனர். பொள்ளிலூரில் ஓராண்டுக்கு முன் வீழ்ந்த தோழர்களின் எலும்புகள் அடக்கம் செய்யப்படாமல் கிடந்த மண்ணிலேயே அவர்கள் நின்றனர்.

கடலூர் முற்றுகை

1782 மார்ச்சில் பறங்கிப்பேட்டையில் பிரெஞ்சுப் படை கரையிறங்கியது. ஏப்ரலில் கடலூர் அதன் வசமாயிற்று. டிசம்பர் 7 அன்று ஹைதர் அலி மறைந்தார். அடுத்த ஏப்ரலில் கூட்டும் மறைந்தார். 1783 ஜூன் தொடக்கத்தில் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கடலூரைச் சூழ்ந்தார். உள்ளே முதிய தளபதி புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரரும், துணையாக மைசூர்ப் படையினரும் இருந்தனர்.

ஜூன் 13 அன்று, ஊருக்கு வெளியே அமைந்த அரண்களை ஆங்கிலேயர் தாக்கினர். 73-ஆம் பட்டாளத்தோடு 78-ஆம் மலைநாட்டுப் பட்டாளமும் அதில் இருந்தது. முந்தைய ஆண்டு அப்பட்டாளம் சென்னைக்கு வந்த கடற்பயணத்திலேயே இருநூற்றுக்கு மேற்பட்டோரை நோய்க்குப் பறிகொடுத்திருந்தது. அன்று மாலைக்குள் ஆங்கிலப் படையில் கொல்லப்பட்டோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். அரண்களில் ஒரு பகுதி மட்டுமே கைவந்தது. ஜூன் 20 அன்று கடலூர்க் கடலில், 15 போர்க்கப்பல்களோடு நின்ற சுஃப்ரன் 18 கப்பல்களைக் கொண்ட ஆங்கிலக் கடற்படையை விலகச் செய்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களைக் கரைக்கு அனுப்பினார். ஜூன் 25 அன்று புஸ்ஸியின் படை வெளிவந்து தாக்கியபோது, வங்காளத்திலிருந்து தரைவழியே நடந்து வந்த சிப்பாய்கள் துப்பாக்கி ஈட்டிமுனையால் பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்று விரட்டினர்.

ஜூன் இறுதியில் கப்பலொன்று செய்தி கொணர்ந்தது. பிரிட்டனும் பிரான்சும் அவ்வாண்டு ஜனவரி 20 அன்றே வெர்சாயில் முதற்கட்ட உடன்படிக்கையில் கையொப்பமிட்டுவிட்டன! ஐந்து மாதங்களுக்கு முன்னரே இரு அரசர்களும் சமாதானம் ஆகியிருந்தனர். அச்செய்தி கடல் கடந்து வரும் முன்னர், மலைநாட்டானும் வங்காளச் சிப்பாயும் பிரெஞ்சு வீரனும் மைசூர்ப் போராளியும் கடலூர் மண்ணில் ஒருவரையொருவர் கொன்று முடித்திருந்தனர்.

எஞ்சியவை

1784 மார்ச்சு 11 அன்று மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்டு, பெயர்டு முதலானோர் விடுதலையாயினர். அதே ஆண்டில் மெக்லௌடு பிரபுவுக்குக் குடும்ப நிலங்கள் திரும்பக் கிடைத்தன. தோற்ற குலத்தின் விசுவாசத்துக்குப் பேரரசு அளித்த விலை அது. 1786-இல் பட்டாளம் 71 என எண் மாற்றம் பெற்றது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மதிலேறிய படையை நடத்தியவர், அங்கே சிறையிருந்த அதே பெயர்டு. திப்பு சுல்தான் ஷஹீதான அந்நாளில் அவருடைய பழைய பட்டாளம் இந்தியாவில் இல்லை. அது முன்னரே தாயகம் திரும்பியிருந்தது. சோளிங்கர் என்னும் ஊர்ப்பெயர் அதன் போர்ச்சிறப்புகளுள் ஒன்றாகப் பொறிக்கப்பட்டது. பொள்ளிலூர் வெற்றியின் சுவரோவியம் திப்புவின் தரியா தௌலத் மாளிகையில் இன்றும் உள்ளது.

இவ்வாறு இரு தரப்பாரும் தத்தம் நினைவைப் பேணினர். நடுவில் வாழ்ந்த மக்களுக்கு எந்த நினைவுச்சின்னம்? ஊர்கள் எரிந்து உழவு நின்று, 1782-இல் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, கர்நாடக மக்கள் சென்னையை நோக்கிக் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். அவர்களுக்குக் கஞ்சி வார்க்க அங்கே தோன்றிய இடமே பின்னர் மணியக்காரர் சத்திரமாகி, அதனையொட்டி எழுந்த மருத்துவமனை நாளடைவில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. வடசென்னை முதியவர்கள் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். அப்பெயரைச் சொல்வோருள் பலர் அதன் தோற்றத்தை அறியார்.

போர் வரலாற்றை எழுதுவோர் வெள்ளிக்குழலைப் பற்றி எழுதுகின்றனர். அதே ஏட்டில் கஞ்சித்தொட்டியையும் நாம் எழுத வேண்டும். நம்மவர் வென்ற களத்தில் அழிந்த ஊர்களையும், நம் பகைவர் படையில் மாண்ட ஏழை மலைநாட்டானையும் ஒரே துலாக்கோலில் நிறுக்கத் துணிந்தால்தான், கடலூரும் சிதம்பரமும் பறங்கிப்பேட்டையும் கண்ட அம்மூன்றாண்டுகளின் வரலாறு நேரியதாகும்.