பல முதன்மைப் புற்றுநோய்

ஒரு புற்றுநோய் கண்டவருக்கு, அதன் பரவலாக இல்லாமல், தனியே தொடங்கும் இன்னொரு புற்றுநோய் வருவது. இரண்டும் 6 மாதத்துக்குள் தெரியவந்தால் உடன்தோன்றியவை. பிந்தினால் பின்தோன்றியவை என்பது பரவலான வழக்கு.

வியன்னா அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத் இதை 1889-இல் விவரித்தார். ஒவ்வொரு கட்டியும் தன் பங்குக்குப் பரவியிருக்க வேண்டும் என்றும் அவர் கேட்டதால், மிகச் சிலரே அந்த வரையறைக்குள் வந்தனர். 1932-இல் வாரனும் கேட்ஸும் அதைத் தளர்த்தினர்: இரண்டும் உறுதியான புற்றாக, தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்று மற்றதன் பரவலாக இருக்கக் கூடாது. இன்றும் அடிப்படை இதுவே.

1953-இல் ஸ்லாட்டரும் உடன் ஆய்ந்தோரும் வாய்ப்புற்று நோயாளிகள் 783 பேரைப் பரிசோதித்தபோது, பத்தில் ஒருவருக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தன. கட்டி எழுந்த இடம் மட்டுமன்றிச் சுற்றியுள்ள சவ்வு முழுவதுமே கெட்டிருக்கிறது என்றார்கள். நீலகிரியில் இது ஏட்டறிவோடு நிற்பதில்லை. கொழுந்து பறிப்பவர்கள் வெற்றிலை பாக்கோடு புகையிலையையும் கன்னத்தில் அடக்கிக்கொள்வது தேயிலைத் தோட்டங்களின் பழைய பழக்கம். இரு கைகளும் செடிமேல் இருக்க, குளிரும் பசியும் தெரியாது என்பார்கள். ஒரு கன்னத்துப் புற்றை அறுத்தெடுத்தாலும் நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் அதே சாற்றில் ஊறியவையே. சிகிச்சைக்குப் பிறகும் புகையிலையை விடாதவருக்கு ஆபத்து அப்படியே நீடிக்கிறது.

பரம்பரை மரபணுக் கோளாறு, முன்பு பெற்ற கதிர்வீச்சு ஆகியவையும் காரணமாகலாம். பிஆர்சிஏ (BRCA) மரபணுவில் கோளாறுள்ள பெண்ணுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும் தனித்தனியே புற்று வரக்கூடும்.

தமிழகத்தில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கியது. அம்மருத்துவமனை சென்னைக்கென 1981-இல் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேடு, 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. மக்கள்தொகை அடிப்படையிலான இப்பதிவேடு வசிப்பிடத்தைக் கொண்டே கணக்கெடுக்கும். கோவையில் சிகிச்சை பெற்ற கோத்தகிரிப் பெண் நீலகிரிக் கணக்கில்தான் சேர்வார். வெவ்வேறு உறுப்புகளில் இரண்டு முதன்மைப் புற்று என்றால் இரண்டு பதிவுகள்.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளுடன் 2025-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் பெருஞ்சிகிச்சை என்றால் மலையிறங்கிக் கோவைக்குத்தான் போக வேண்டும். பலருடைய பழைய பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவுகள் அங்கேதான் இருக்கின்றன. புதிய கட்டி பழையதன் பரவலா, வேறொன்றா என்பதை அந்த முடிவோடு ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்வார். சிகிச்சையும் அதற்கேற்ப மாறும். ஆகவே புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்கள் முதல் பயாப்சி அறிக்கையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். வாயில் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் அவற்றோடு உடனே மருத்துவரைப் பாருங்கள்.